கர்னல் தரும் எண்ணை நம்பலாமா? மின் மேலாண்மை ஃபர்ம்வேரில் அளவுருக்களைச் சரிபார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

நான் வேலை பார்த்த ஒரு புராஜெக்டில், போர்டின் இரண்டாவது கிளஸ்டரில் (கோர்களின் தொகுதியில்) ஒரு கோரை எழுப்பச் சொன்னால் மொத்த சிஸ்டமும் உறைந்துபோனது. கன்சோலில் ஒரு எழுத்துகூட இல்லை. வாட்ச்டாக் வந்து ரீசெட் செய்யும்வரை அப்படியே நின்றது. இரண்டு நாள் தேடியதில் கிடைத்தது ஒரே ஒரு எண்: ஹெக்ஸில் 80000101.

அதில் என்ன தப்பு? கோரின் அடையாள ரெஜிஸ்டரான எம்பிஐடிஆரை அப்படியே படித்தால் 31-ஆம் பிட் எப்போதும் 1 என்றுதான் வரும். அதை நீக்கிவிட்டு 101 என்று அனுப்ப வேண்டும். டெஸ்ட் எழுதியவர் நீக்க மறந்துவிட்டார். வன்பொருளோடு ஒட்டி ஓடும் அடிமட்ட மென்பொருளான எங்கள் ஃபர்ம்வேரோ அந்த எண்ணை எட்டு பிட் வலப்பக்கம் நகர்த்தி, மிஞ்சியதை கிளஸ்டர் எண் என்று எடுத்துக்கொண்டது. மிஞ்சியது 1 அல்ல, 83,88,609. அதை நான்கால் பெருக்கி, ஒன்றைக் கூட்டி, 3,35,54,437 என்ற இண்டெக்ஸில் ஒரு கோரின் விவரத்தைத் தேடிப்போய் நினைவகத்தில் எங்கேயோ விழுந்தது.

இதில் வேடிக்கை, அங்கே சரிபார்ப்பு இருந்தது. ஒரு அசெர்ட், அதாவது நிபந்தனை பொய்யானால் அங்கேயே கத்தி நிறுத்தும் ஒரு வரி. பிழை தேடுவதற்கான டீபக் பில்டில் அது ஒழுங்காகக் கத்தியிருக்கிறது. மூன்று வாரம் முன்பே பக் பதிவாகியிருந்தது. "அழைப்பவர் தவறான எண் தருகிறார், எங்கள் பிழை இல்லை" என்று எழுதி அதை மூடியவர்களும் நாங்களேதான். வெளியே போகும் ரிலீஸ் பில்டில் அசெர்ட் காணாமல் போகும் என்பது எங்களில் எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு வரியை நம்பித்தான் எல்லாம் நிற்கிறது என்பது மட்டும் யாருக்கும் உறைக்கவில்லை.

யார் யாரை நம்பக் கூடாது

64-பிட் ஆர்ம் சிப்பில் அதிகாரம் நான்கு அடுக்கு. செயலிகள் இஎல்0-வில், கர்னல் இஎல்1-இல், மெய்நிகர் மெஷின்களை நடத்தும் ஹைப்பர்வைசர் இஎல்2-இல், செக்யூர் மானிட்டர் இஎல்3-இல். ஒரு கோரை எழுப்ப, தூங்கவைக்க, மெஷினையே அணைக்க கர்னல் நேராக வன்பொருளைத் தொடுவதில்லை. பிஎஸ்சிஐ என்ற ஆர்மின் பொது இடைமுகம் வழியாக இஎல்3-ஐக் கேட்கிறது. எஸ்எம்சி என்ற ஒற்றைக் கட்டளையில் கோர் இஎல்3-க்குத் தாவுகிறது. முதல் ரெஜிஸ்டரில் செயல்பாட்டு எண், அடுத்த மூன்றில் அளவுருக்கள். இதன் திறமூல வடிவங்களில் பெரும்பாலானவர்கள் எடுத்துக்கொள்வது டிரஸ்டட் ஃபர்ம்வேர்-ஏ. கீழே வரும் உதாரணங்கள் பெரும்பாலும் அதை ஒட்டியவை.

"கர்னல் நம்ம ஆள்தானே, அதைப் போய் ஏன் சந்தேகப்பட வேண்டும்?" என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். கைரேகை, சாவிகள், பணப் பரிமாற்ற ரகசியங்கள் எல்லாம் கர்னலால் தொட முடியாத செக்யூர் பக்கத்தில் வைக்கப்படுவதே, கர்னல் ஒருநாள் எதிரியின் கைக்குப் போனாலும் அவை தப்ப வேண்டும் என்பதற்காகத்தான். கர்னலை நம்பினால் அந்த ஏற்பாட்டுக்கே அர்த்தம் இல்லை. அப்புறம் இன்னொன்று: நான் பார்த்தவரையில் தப்பான எண்கள் எதிரியிடமிருந்து வந்ததைவிட, தூக்கக் கலக்கத்தில் டிவைஸ் ட்ரீ (கர்னலுக்குப் போர்டின் வன்பொருளை விவரிக்கும் கோப்பு) எழுதிய சக ஊழியரிடமிருந்து வந்ததே அதிகம். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்.

இதே உறவு ஓர் அடுக்கு கீழேயும் உண்டு. லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம்மில் ஓடும் விருந்தினர் கர்னல் பிஎஸ்சிஐ அழைத்தால் பதில் சொல்வது ஹோஸ்ட் கர்னல். அங்கே விருந்தினர் சொல்வதை ஹோஸ்ட் நம்பக் கூடாது.

படி 1: வாசல்களை எண்ணுங்கள்

கோடைத் தொடுவதற்கு முன் ஒரு காகிதத்தில், வெளியிலிருந்து எண் உள்ளே நுழையும் ஒவ்வொரு இடத்தையும் எழுதுங்கள். கோரை எழுப்பும் சிபியு_ஆன் மூன்று அளவுருக்கள் வாங்குகிறது: எந்தக் கோர், எந்த முகவரியில் தொடங்க வேண்டும், தொடங்கும்போது கையில் தர வேண்டிய ஓர் எண். தூங்கவைக்கும் சிபியு_சஸ்பெண்டும் மூன்று: பவர் ஸ்டேட், திரும்பி வரும் முகவரி, அதே போன்ற ஓர் எண். அஃபினிட்டி_இன்ஃபோ, சிஸ்டம்_ரீசெட்2, மெம்_புரொடெக்ட்_செக்_ரேஞ்ச், புள்ளிவிவரம் கேட்கும் இரண்டு அழைப்புகள் என்று பட்டியல் நீளும்.

ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: இந்த எண்ணை வைத்து ஃபர்ம்வேர் என்ன செய்யப்போகிறது? இண்டெக்ஸாகப் பயன்படுத்துமா, முகவரியாகப் படிக்குமா, வன்பொருளுக்கு எழுதுமா, அல்லது பார்க்காமலே திருப்பிக் கொடுக்குமா? சிபியு_ஆனின் மூன்றாவது அளவுருவை ஃபர்ம்வேர் எதற்கும் பயன்படுத்துவதில்லை; எழும் கோரின் முதல் ரெஜிஸ்டரில் அப்படியே வைத்துவிடுகிறது. அதற்குச் சரிபார்ப்பு தேவையில்லை. "எல்லாவற்றையும் சரிபார்" என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் தேவையற்ற சோதனைகள் குவிந்த கோடில் தேவையான சோதனை ஒன்று விடுபட்டால் கண்ணில் படாது.

வாசலிலேயே செய்ய வேண்டிய இரண்டு வேலைகள் உண்டு. அழைப்பு செக்யூர் பக்கத்திலிருந்து வந்தால் பிஎஸ்சிஐ அதை ஏற்கக் கூடாது. இந்த போர்டு ஆதரிக்காத செயல்பாட்டு எண் வந்தால் உள்ளே விடாமல் -1 என்று திருப்பிவிட வேண்டும். டிரஸ்டட் ஃபர்ம்வேர்-ஏ இதற்கு ஒரு பிட் வரைபடம் வைத்திருக்கிறது. போர்டு எந்தெந்தக் கொக்கிகளை (தன் சொந்தச் செயல்பாடுகளை மாட்டும் இடங்களை) நிரப்பியிருக்கிறதோ அவற்றுக்கான பிட்கள் மட்டும் சிஸ்டம் பூட் ஆகும்போது 1 ஆகும். இதனால்தான் உள்ளே, கொக்கி காலியா இல்லையா என்பதை வெறும் அசெர்ட்டாக விட முடிகிறது. காலியாக இருந்தால் அழைப்பு அங்கே வந்திருக்கவே முடியாது.

படி 2: அசெர்ட் எனக்கு, இஃப் உனக்கு

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். அசெர்ட் என்பது நான் எனக்கே சொல்லிக்கொள்வது: "இந்த இடத்துக்கு வரும்போது இது உண்மையாகத்தான் இருக்கும், இல்லையென்றால் நான் எழுதிய கோடில் பிழை." இஃப் என்பது அடுத்தவர் சொன்னதை விசாரிப்பது. வெளியிலிருந்து வந்த எண்ணின்மேல் அசெர்ட் போட்டால் விசாரணையை டீபக் பில்டோடு முடித்துவிட்டதாக அர்த்தம். டிரஸ்டட் ஃபர்ம்வேர்-ஏவில் அசெர்ட்களை இயக்கும் தேர்வு, தனியாகச் சொல்லாவிட்டால், டீபக் பில்டா ரிலீஸ் பில்டா என்பதையே பின்பற்றுகிறது. அதாவது கடைக்குப் போகும் சாதனத்தில் அது இருக்காது.

ஒரு சுலபமான பயிற்சி. மின் மேலாண்மை கோப்புகளில் அசெர்ட் என்று தேடுங்கள். ஒவ்வொன்றிலும் உள்ள மாறியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடங்கள். எந்த வழியில் போனாலும் நடுவில் ஓர் இஃப் குறுக்கிட்டால் சரி, அந்த அசெர்ட் இருக்கட்டும். குறுக்கீடே இல்லாமல் எஸ்எம்சி ரெஜிஸ்டர்வரை போய்ச் சேர முடிந்தால் அது ஓட்டை. போர்டுக்கென்று தனியாக எழுதப்படும் கோப்புகளை முதலில் பாருங்கள். பொதுக் கோடைப் பல கண்கள் பார்த்திருக்கும், போர்டு கோடைப் பார்த்தது நீங்களும் உங்கள் பக்கத்து இருக்கைக்காரரும் மட்டும்தான்.

சரிபார்ப்பை மேலே, வாசலுக்குப் பக்கத்தில் வையுங்கள். உள்ளே போன பிறகு அதே விஷயத்தை அசெர்ட்டாகத் திரும்பச் சொல்வதில் தவறில்லை. மேலே இருக்கும் இஃபை யாராவது நாளைக்கு நீக்கினால் அசெர்ட் காட்டிக்கொடுக்கும்.

படி 3: அகலத்தை வெட்டுங்கள்

சிபியு_ஆனுக்கு இரண்டு எண்கள். ஹெக்ஸில் 84000003 என்பது 32-பிட் அழைப்பு, சி4000003 என்பது 64-பிட் அழைப்பு. 30-ஆம் பிட்தான் வித்தியாசம். 32-பிட் அழைப்பு வந்தால் ரெஜிஸ்டரின் மேல் பாதியில் என்ன குப்பை இருந்தாலும் அது இல்லாததாகக் கருதப்பட வேண்டும். ஆகவே முதல் வேலை, அளவுருக்களை 32-பிட் மாறிகளில் இறக்குவது. இதைச் செய்யாமல் 64-பிட்டாகவே உள்ளே அனுப்பினால், ஒரு செயல்பாடு கீழ் பாதியைச் சோதித்துவிட்டு இன்னொன்று முழுதையும் பயன்படுத்தும் விநோதங்கள் நடக்கும்.

குறியுள்ள எண்ணும் குறியில்லாத எண்ணும் கலப்பது இதன் தம்பி. கோரின் இண்டெக்ஸைத் தரும் செயல்பாடு தவறான கோருக்கு -1 திருப்புகிறது. அதைக் குறியில்லாத மாறியில் வாங்கினால் அது 4,294,967,295 ஆகிவிடும். "பூஜ்யத்தைவிடச் சிறியதா" என்ற உங்கள் சோதனை எப்போதும் பொய். கம்பைலர் அந்த வரியையே தூக்கிவிடும். எச்சரிக்கைகளை முழுதாக இயக்கி வைத்திருந்தால் கம்பைலரே சொல்லியிருக்கும் என்பது வேறு விஷயம்.

படி 4: அந்தக் கோர் உண்மையில் இருக்கிறதா

கோர் அளவுருவில் நான்கு துண்டுகள் உண்டு: 0 முதல் 7 வரையான பிட்களில் ஒன்று, 8 முதல் 15 வரை ஒன்று, 16 முதல் 23 வரை ஒன்று, 32 முதல் 39 வரை ஒன்று. மற்ற எல்லா பிட்களும் பூஜ்யமாக இருக்க வேண்டும். முதலில் அதைப் பாருங்கள். இங்கே இரண்டு கட்சி உண்டு: தேவையற்ற பிட்களை மறைத்துவிட்டுத் தொடர்வது ஒன்று, மறுப்பது இன்னொன்று. நான் மறுக்கும் கட்சி. 80000101 அனுப்பியவருக்கு இன்று மறைத்து உதவினால், நாளைக்கு அந்த பிட்டுக்கு ஒரு அர்த்தம் வரும்போது அவருடைய கோடும் உடையும், நம்முடையதும் உடையும்.

பிட்கள் சரி என்றான பிறகுதான் முக்கியமான கேள்வி. ஆர்மின் ஜூனோ போர்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிளஸ்டர், ஒன்றில் இரண்டு பெரிய கோர்கள், மற்றதில் நான்கு சின்ன கார்டெக்ஸ்-ஏ53 கோர்கள். லினக்ஸின் டிவைஸ் ட்ரீயில் அவற்றின் அடையாளங்கள் ஹெக்ஸில் 0, 1, 100, 101, 102, 103. மொத்தம் ஆறு. இப்போது ஒருவர் "கிளஸ்டர் எண் 2-க்குக் கீழே, கோர் எண் 4-க்குக் கீழே" என்று சோதித்தால் பார்வைக்கு ஒழுங்காக இருக்கிறது. ஆனால் முதல் கிளஸ்டரின் 2, 3 என்ற இல்லாத கோர்களும் உள்ளே வந்துவிடும். இண்டெக்ஸ் கணக்கு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து அந்த 2, இன்னொரு கிளஸ்டரின் நிஜமான கோர் ஒன்றின் இடத்திலேயே போய் உட்காரலாம். அப்போது எதுவும் உடனே உடையாது. யாரோ ஒருவருடைய தூக்கக் கணக்கு சத்தமில்லாமல் கெட்டுப்போகும்.

டிரஸ்டட் ஃபர்ம்வேர்-ஏவின் ஜூனோ கோடு இதைச் சரியாகச் செய்கிறது: கிளஸ்டர் எண்ணைச் சோதித்த பிறகு, அந்தக் குறிப்பிட்ட கிளஸ்டரில் எத்தனை கோர் என்று கேட்டு, அதோடு ஒப்பிடுகிறது. எண்ணின் உருவத்தோடு நிற்காமல், போர்டில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். சில சிப்களில் தொழிற்சாலையிலேயே ஒரு கோரை ஃபியூஸ் வைத்து அணைத்துவிடுவார்கள். அங்கே நிலையான அட்டவணைகூடப் போதாது, ஃபியூஸைப் படிக்க வேண்டும்.

சோதனையில் தேறிய எண்ணை இண்டெக்ஸாக மாற்றியபின் அந்த இண்டெக்ஸை மட்டுமே உள்ளே அனுப்புங்கள். மூல எண் வாசலோடு நிற்கட்டும். கோர் கட்டளைகளை முன்கூட்டியே ஊகித்து ஓட்டும் ஊக இயக்கத்தின் வழியாகத் தகவல் கசிவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய இடம் என்றால், எல்லைச் சோதனைக்குப் பிறகு இண்டெக்ஸை ஒரு முகமூடியால் எல்லைக்குள் அடக்கிவிடுங்கள். லினக்ஸ் கர்னலில் இதற்கென்றே ஒரு மேக்ரோ இருக்கிறது.

படி 5: முகவரியும் நீளமும்

தொடக்க முகவரிக்கு இரண்டு சோதனை. ஒற்றைப்படை முகவரியில் 64-பிட் ஆர்ம் கோடு இருக்க முடியாது. கடைசி பிட் 1 என்றால் -9 திருப்புங்கள். அடுத்து, அந்த முகவரி, கர்னல் ஓடும் சாதாரணப் பக்கத்தின் டிராமுக்குள் (முதன்மை நினைவகத்துக்குள்) இருக்கிறதா என்று போர்டு சொல்ல வேண்டும்.

இந்த இரண்டாவது சோதனையின் மதிப்பைச் சிலர் அளவுக்கு மீறி நினைக்கிறார்கள். எழுந்த கோர் எப்படியும் சாதாரணப் பக்கத்தில்தான் இறங்கும். செக்யூர் நினைவகத்தில் உள்ள கட்டளையை அங்கிருந்து இயக்க முயன்றால், நினைவகக் காவல் சரியாக அமைக்கப்பட்டிருக்கும் பட்சத்தில், வன்பொருளே தடுக்கும். சோதனையின் லாபம், எழுந்த உடனே செத்துப்போகும் கோருக்குப் பதிலாகக் கர்னலுக்கு ஒரு தெளிவான பிழை எண் கிடைப்பது. அதுவும் நல்ல லாபம்தான்.

நிஜமான ஆபத்து, ஃபர்ம்வேரே போய்த் தொடப்போகும் நினைவகத்தில் இருக்கிறது. அடி முகவரியும் நீளமும் வெளியிலிருந்து வரும்போது கைகள் தானாக "அடி + நீளம் முடிவைத் தாண்டுகிறதா" என்றுதான் எழுதும். 32-பிட் சிப்பில் அடி ஹெக்ஸில் 90000000, நீளம் 80000000 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 110000000. ஒன்பது இலக்கம், ரெஜிஸ்டரில் எட்டுக்குத்தான் இடம். மேலே உள்ள 1 உதிர்ந்து 10000000 மிஞ்சும். அது எல்லைக்குள் இருப்பதுபோல் தெரிந்து சோதனை தேறிவிடும்.

சரியான வரிசை இது:

நீளம் = 0 எனில் மறு
அடி > உச்ச எண் − (நீளம் − 1) எனில் மறு
கடைசி = அடி + (நீளம் − 1)
அடி < தொடக்கம் அல்லது கடைசி > முடிவு எனில் மறு

இரண்டாவது வரி கூட்டாமலே கழித்துப் பார்க்கிறது. கழித்தல் இங்கே எண்ணின் எல்லையை மீறி வழியாது. நீளம் பூஜ்யமா என்ற முதல் வரி இல்லாவிட்டால் அந்தக் கழித்தலே வழியும் என்பதையும் கவனியுங்கள். மெம்_புரொடெக்ட்_செக்_ரேஞ்ச் அழைப்பை டிரஸ்டட் ஃபர்ம்வேர்-ஏ இதே வரிசையில்தான் சோதிக்கிறது. நீளத்தில் ஒன்றைக் கழிப்பது அதிமேதாவித்தனம் அல்ல: நினைவகத்தின் கடைசி பைட்டில் சரியாக முடியும் ஒரு பகுதி செல்லும், அதை மறுக்கக் கூடாது.

இதெல்லாம் புத்தகப் பயம் இல்லை. டிரஸ்டட் ஃபர்ம்வேர்-ஏவின் முதல் பாதுகாப்பு அறிவிப்பே இந்த ரகம்தான்: ஃபர்ம்வேர் புதுப்பிக்கும் எஸ்எம்சியில் கோணலான அளவுகள் தந்தால் எதிர்பாராத அளவு பெரிய தரவு செக்யூர் நினைவகத்தில் நகலாகும்; பொதுப் பாதுகாப்புக் குறைப் பட்டியலில் அதன் எண் சிவிஇ-2016-10319. பதினோராவது அறிவிப்பு, சிவிஇ-2023-49100, எஸ்டிஇஐ என்ற நிகழ்வு இடைமுகத்தில் வெளியிலிருந்து வந்த இன்டரப்ட் எண்ணால் அர்ரேக்கு வெளியே படிப்பது. இரண்டும் மின் மேலாண்மை அழைப்புகள் அல்ல. ஆனால் அதே வாசல், அதே வகைத் தவறு.

படி 6: பவர் ஸ்டேட்

சிபியு_சஸ்பெண்டின் முதல் அளவுரு 32 பிட்டில் பல செய்திகளை அடைத்து வருகிறது. பழைய அமைப்பில் கீழ் 16 பிட்கள் நிலையின் அடையாளம். 16-ஆம் பிட், வெறுமனே ஓய்வா அல்லது மின்சாரத்தையே துண்டிப்பதா என்பது. 24, 25 பிட்கள் எந்த மட்டம்வரை என்பது. மற்றவை பூஜ்யம். ஆகவே ஹெக்ஸில் 01010000 என்றால் "மட்டம் 1 வரை, அதாவது கிளஸ்டர்வரை, மின்சாரத்தைத் துண்டி."

மட்டத்துக்கு இரண்டு பிட் இருப்பதால் 0 முதல் 3 வரை சொல்ல முடியும். ஆனால் கோர், கிளஸ்டர், சிஸ்டம் என்று மூன்றே மட்டம் உள்ள போர்டில் செல்லும் எண்கள் 0, 1, 2. இப்போது 03010000 வருகிறது. பூஜ்யமாக இருக்க வேண்டிய பிட்கள் எல்லாம் பூஜ்யம்தான். வடிவச் சோதனை தேறிவிடும். அடுத்து போர்டு கோடு மட்டம் 0-விலிருந்து 3 வரை ஓடி ஒவ்வொரு கட்டத்திலும் "அணை" என்று எழுதுகிறது. அர்ரேயில் இருப்பது மூன்று கட்டங்கள். நான்காவதாக எழுதுவது ஸ்டாக்கில் பக்கத்தில் இருக்கும் எதன்மேலோ விழுகிறது, அதுவும் இஎல்3-இல். மட்டம் உச்சத்தைத் தாண்டினால் -2 (தவறான அளவுரு) என்று ஒரு வரி போட்டால் தீரும் விஷயம். அந்த வரி போர்டு எழுதுபவரின் பொறுப்பு. பொதுக் கோடு போடாது.

புதிய, நீட்டிக்கப்பட்ட அமைப்பில் அடையாளத்துக்கு 28 பிட்கள், துண்டிப்பைச் சொல்ல 30-ஆம் பிட். இங்கே என் அறிவுரை, பிட்களைப் பிரித்து அர்த்தம் கண்டுபிடிக்கப் போகாதீர்கள். இந்த போர்டு ஆதரிக்கும் நிலைகளை ஓர் அட்டவணையில் எழுதி, வந்த எண் அதில் அப்படியே இருக்கிறதா என்று மட்டும் தேடுங்கள். ஆர்மின் சொந்தத் தளங்களின் கோடும் இப்படித்தான் நேர்கோட்டில் தேடுகிறது. நான்கைந்து வரிசைதானே, வேகம் ஒரு பொருட்டே இல்லை. எதிரிக்கு விளையாட இடமே இல்லாத சோதனை இதுதான்.

அப்புறம் மட்டங்களுக்கு இடையே பொருத்தம். கிளஸ்டரை அணைத்துவிட்டு அதனுள் இருக்கும் கோர் ஓடிக்கொண்டே இருக்கும் என்று யாரும் கேட்க முடியாது. மேல் மட்டத்திலிருந்து கீழே வரும்போது நிலை ஒன்றே போல இருக்கலாம் அல்லது ஆழமாகலாம், மேலோட்டமாகக் கூடாது. ஒவ்வோர் எண்ணும் தனித்தனியே சரியாக இருந்து கூட்டணி தப்பாக இருக்கும் வகை இது. கோட் ரிவியூவில் பலமுறை நழுவும்.

மின்சாரம் துண்டிக்கப்படும் தூக்கத்துக்கு மட்டுமே திரும்பும் முகவரியைச் சரிபாருங்கள். ஓய்வு நிலையிலிருந்து கோர் அழைத்த இடத்துக்கே திரும்புகிறது. அந்த முகவரியை யாரும் பார்ப்பதே இல்லை, கர்னல் அங்கே பூஜ்யம் வைத்திருந்தாலும் குறை சொல்லக் கூடாது.

படி 7: பூட்டுக்குள் கேட்க வேண்டியவை

எண் சரி, கோர் இருக்கிறது. ஆனால் அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறதா? இந்தக் கேள்விக்கான பதில் கேட்ட மறுகணமே பழசாகிவிடும், ஏனென்றால் இன்னொரு கோர் அதே நேரத்தில் அதே சிபியு_ஆனை அழைக்கலாம். எனவே நிலையைப் படிப்பது, "எழுந்துகொண்டிருக்கிறது" என்று மாற்றுவது இரண்டும் அந்தக் கோருக்குரிய ஒரே பூட்டுக்குள் நடக்க வேண்டும். ஓடுகிறது என்றால் -4, எழுந்துகொண்டிருக்கிறது என்றால் -5. மாறாத விஷயங்களான வடிவம், இருப்பு, முகவரி ஆகியவற்றைப் பூட்டுக்கு வெளியே முடித்துவிடுங்கள். தவறான அழைப்புகளால் பூட்டு நெரிசல் வராது.

படி 8: பகிர்ந்த நினைவகம் என்றால் முதலில் நகல்

ரெஜிஸ்டரில் வந்த எண் நம் கைக்கு வந்தபின் மாறாது. ஆனால் வேகமும் மின்னழுத்தமும் கேட்கும் செய்திகள் பெரும்பாலும் எஸ்சிஎம்ஐ என்ற நெறிமுறையில், பகிர்ந்த நினைவகம் வழியாக ஒரு தனிக் கட்டுப்பாட்டு பிராசசருக்குப் போகின்றன. அந்த நினைவகத்தில் கர்னலும் எழுத முடியும், நாம் படித்துக்கொண்டிருக்கும்போதே.

நீளத்தைப் படிக்கிறீர்கள், 16, சரி. அடுத்த வரியில் அந்த நீளத்துக்கு நகலெடுக்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் வேறொரு கோர் 16-ஐ 4096 ஆக்கிவிட்டது. கோடில் ஒருமுறைதான் படித்ததுபோல் தெரிந்தாலும், கம்பைலர் அந்த மதிப்பை ரெஜிஸ்டரில் வைக்காமல் நினைவகத்திலிருந்து மறுபடி எடுத்துவரலாம். எனவே செய்தியின் தலைப்பை, கம்பைலர் இப்படி மறுபடி படிப்பதைத் தடுக்கும் வோலடைல் வழியாக ஒரே ஒருமுறை சொந்த மாறிக்குக் கொண்டுவாருங்கள், அந்த மாறியைச் சோதியுங்கள், சோதித்த நீளத்துக்கு மட்டும் உடலை நகலெடுங்கள், அதன்பின் பகிர்ந்த நினைவகம் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடுங்கள்.

படி 9: வடிவம் சரி, மதிப்பு விஷம்

இதுவரை பார்த்த சோதனைகள் எல்லாவற்றிலும் தேறும் ஓர் எண்ணும் சிப்பை ஏமாற்ற முடியும். 2017-இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட கிளாக்ஸ்குரூ தாக்குதலில், நெக்சஸ் 6 போனின் கடிகார வேகத்தையும் மின்னழுத்தத்தையும் கர்னலிலிருந்தே பொருந்தாத ஜோடியாக அமைத்து, டிரஸ்ட்ஸோன் என்ற ஆர்மின் செக்யூர் பக்கத்துக்குள் கணக்குத் தப்பும்படி செய்தார்கள்; அதிலிருந்து ஏஇஎஸ் மறையாக்கச் சாவியை எடுத்தார்கள். 2019-இல் இன்டெல் பக்கத்தில் பிளண்டர்வோல்ட் வந்தது: மின்னழுத்தத்தைக் குறைக்கும் மென்பொருள் வழியைப் பயன்படுத்தி இன்டெலின் பாதுகாப்பு அறையான எஸ்ஜிஎக்ஸுக்குள் தவறு உண்டாக்குவது. அங்கே தீர்வு, அந்த வழியையே பூட்டுவது.

ஆகவே மெகாஹெர்ட்ஸும் மில்லிவோல்ட்டும் தனித்தனி அளவுருக்களாக வெளியிலிருந்து வர விடாதீர்கள். ஜோடிகளை ஃபர்ம்வேர் தன் அட்டவணையில் வைத்திருக்கட்டும். வெளியார் மட்டத்தின் எண்ணை மட்டும் சொல்லட்டும். எஸ்சிஎம்ஐயின் செயல்திறன் பகுதி இந்தக் கருத்தில்தான் அமைந்திருக்கிறது: எந்தப் பகுதி, எந்த மட்டம், இரண்டே விஷயம். பகுதி இல்லையென்றால் -4, மட்டம் எல்லை தாண்டினால் -5. இறங்கும்போது முதலில் வேகம், பிறகு மின்னழுத்தம். ஏறும்போது முதலில் மின்னழுத்தம். வரிசையும் ஃபர்ம்வேரின் கையில்.

படி 10: மறுப்பது எப்படி

மறுக்கும்போது பானிக் ஆகாதீர்கள், அதாவது மொத்த சிஸ்டத்தையும் நிறுத்திவிடாதீர்கள். "கர்னல் நினைத்தால் சிஸ்டம்_ஆஃப் அழைத்தே மெஷினை அணைக்கலாமே, பானிக் ஆனால் என்ன நஷ்டம்" என்று ஒரு நண்பர் வாதாடுவார். பாதி நியாயம் உண்டு. ஆனால் பானிக் ஆகும் நேரத்தில் செக்யூர் பக்கத்தில் ஏதாவது பாதி எழுதப்பட்டுக்கொண்டிருக்கலாம். அதோடு, தவறான எண் தந்தவருக்கு -2 கிடைத்தால் ஐந்து நிமிடத்தில் தன் பிழையைக் கண்டுபிடிப்பார். உறைந்த போர்டு கிடைத்தால் இரண்டு நாள். அந்த இரண்டு நாளை நான் அனுபவித்தவன்.

மறுப்பதற்கு முன் எதையும் மாற்றியிருக்கக் கூடாது. பூட்டை எடுத்துவிட்டு, நிலையை மாற்றிவிட்டு, மூன்றாவது அளவுரு தவறு என்று நடுவில் திரும்பிப் போகும் கோடு, தவறான அழைப்பை ஏற்பதைவிட மோசம்.

கன்சோலில் பதிவு அச்சிடும் விஷயத்தில் கை இறுக்கமாக இருங்கள். 1,15,200 பாட் வேகத்தில் யூஆர்ட் என்ற கன்சோல் இணைப்பு நொடிக்கு சுமார் 11,500 எழுத்துதான் அனுப்பும். 80 எழுத்து வரி ஒன்றுக்கு ஏழு மில்லிவினாடி. அந்த நேரம் முழுதும் கோர் இஎல்3-இல் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு மறுப்புக்கும் ஒரு வரி அச்சிட்டால், தவறான அழைப்பைச் சுழலில் போடுகிறவருக்கு நீங்களே ஆயுதம் தருகிறீர்கள். டீபக் பில்டில் மட்டும் அச்சிடுங்கள்.

படி 11: ரிலீஸ் பில்டில் சோதியுங்கள்

டீபக் பில்டில் அசெர்ட் காப்பாற்றிவிடும் என்பதால் அங்கே கிடைக்கும் பச்சை விளக்குக்கு மதிப்பு இல்லை. போர்டு கையில் இல்லாவிட்டால் கியூஎமு என்ற எமுலேட்டரின் வர்ட் மெஷினில் செக்யூர் தேர்வை இயக்கி டிரஸ்டட் ஃபர்ம்வேர்-ஏவை ஓட்டலாம். ஆர்மின் எஃப்விபி என்ற மென்பொருள் மாதிரியும் உண்டு. கர்னல் மாட்யூல் ஒன்று எழுதி எஸ்எம்சியை நேராக அழைத்தால் போதும்.

சிபியு_ஆனையும் சஸ்பெண்டையும் கண்மூடித்தனமாக அழைக்க முடியாது, தப்பித்தவறி சரியான எண் விழுந்தால் கோர் நிஜமாகவே எழும் அல்லது தூங்கும். அங்கே தவறான எண்களை மட்டும் கையால் பொறுக்கி அனுப்புங்கள்: எல்லைக்கு அடுத்தது, 24-ஆம் பிட், 31-ஆம் பிட், 40-க்கு மேலே ஒரு பிட், 03010000. ஆனால் அஃபினிட்டி_இன்ஃபோ எதையும் மாற்றாது. ஒரு கோர் ஓடுகிறதா என்று மட்டும் சொல்லும். ஓடினால் 0, அணைந்திருந்தால் 1, எழுந்துகொண்டிருந்தால் 2, இல்லாத கோர் என்றால் -2. அதனால் அதைச் சுழலில் போட்டு, கீழ் 16 பிட்டில் சாத்தியமான 65,536 எண்களையும் கேட்டுவிடலாம். பூஜ்யமோ அதற்கு மேலோ வந்த பதில்களை எண்ணினால் போர்டில் உள்ள கோர்களின் எண்ணிக்கை வர வேண்டும். ஒன்றுகூட அதிகமாகக் கூடாது, ஒன்றுகூடக் குறையக் கூடாது.

80000101 சரிசெய்யப்பட்ட அன்று சாயங்காலம் எங்கள் போர்டில் இதை ஓட்டினோம். ஜூனோவைப் போலவே அதிலும் இரண்டும் நான்குமாக ஆறு கோர். பட்டியல் வந்தது: 0, 1, 2, 3, 100, 101, 102, 103. எட்டு. பெரிய கிளஸ்டரின் எல்லையை 4-லிருந்து 2 ஆக்கி, பில்ட் போட்டு, டீ குடித்துவிட்டு வந்து மறுபடி ஓட்டினோம். ஆறு.